என் பெயரில் ஒரு வாடகை வீடு

வாடகைக்கு வீடு எடுப்பது எழுதுவதற்கு ஒரு விடயமா என்று சில சகோதரிகள் நினைக்கக்கூடும். பணம் இருந்தால் வீடு கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடும். ஆனால் வடக்கிலிருந்து நகரத்துக்குப் போகும் ஒரு பெண், அதுவும் தனியாக இருக்கும் ஒரு பெண், தன் பெயரில் ஒரு வீட்டை வாடகைக்குக் கேட்கும்போது பணத்தைவிட வேறு பல கணக்குகள் பார்க்கப்படுகின்றன. அந்தக் கணக்குகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சியைச் சேர்ந்தவள். சமூகவியல் படித்துவிட்டுச் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். 2018ஆம் ஆண்டு வேலை காரணமாகக் கொழும்புக்கு மாற்றலாகிப் போனேன். நான்கு ஆண்டுகளுக்கு மேல் வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். அந்த மேல்மாடியின் தரை முழுவதும் வைரம் பாய்ந்த மரப் பலகை. நகரத்தில் இப்படியான தரையுள்ள வீடு என்றால் வசதியானவர்களின் வீடு என்று பலர் நினைப்பார்கள். அந்தத் தரை எனக்குச் சொல்லித் தந்தது வேறு விடயங்களை.

எங்கள் தரைகள்

எங்களில் பலருக்குத் தரையைப் பற்றி ஒரு நீண்ட கதை இருக்கும். எனக்கும் இருக்கிறது. நான் பிறந்த வீட்டில் சாணம் மெழுகிய மண் தரை. பின்னர் அப்பா சிறிது சிறிதாகச் சேர்த்துச் சீமெந்து போட்டார். 2008இன் இறுதியில் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். அதன்பின் பங்கருக்குள் ஈரமண், வழியெல்லாம் கடற்கரை மணல், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள். ஊருக்குத் திரும்பியபோது தகரக் கொட்டில். கடைசியில் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா உதவியுடன் கட்டிய சிறிய வீடு.

அந்த வீட்டுக்கான கடதாசிகளில் அம்மாதான் கையெழுத்து வைத்தார். அப்பா அப்போது எங்களுடன் இல்லை. ஒரு வீடு சம்பந்தமான கடதாசியில் அம்மா தன் பெயரை எழுதியது அதுவே முதல் தடவை. கை நடுங்க நடுங்க எழுதினார். அதன்பின் அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரலே வேறாக இருந்தது. சித்தப்பாமார் வந்து, அறையை இந்தப் பக்கம் வை, யன்னலை அந்தப் பக்கம் வை என்று சொன்னபோது, “கடதாசியிலை இருக்கிறது என்ரை பேர். நான் யோசிச்சுச் செய்யிறன்” என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டார். கொழும்பில் வீடு தேடிய நாட்களில் இதை நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

வீடு தேடிய படலம்

கொழும்பில் முதல் மூன்று மாதங்கள் பெண்கள் விடுதி ஒன்றில் இருந்தேன். ஓர் அறையில் நான்கு பேர். அங்கிருந்துகொண்டே ஒவ்வொரு சனி, ஞாயிறும் புரோக்கருடன் வீடு பார்க்கப் போவேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை என்று பதினொரு இடங்கள் பார்த்தேன். தொடர்மாடி வீடுகள், அனெக்ஸ், ஒரு வீட்டின் கராஜை அறையாக்கிய இடம் என்று எல்லாம் பார்த்தேன். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருந்தன.

“ஆர் ஆர் பிள்ளை இருக்கப்போறியள்?”

“நான் மட்டுந்தான் அன்ரி.”

“கலியாணம்?”

“இன்னும் இல்லை.”

“அப்ப ஒருக்கா அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன், கதைப்பம்.”

வேறோர் இடத்தில் வீட்டுக்காரர் அன்பாகத் தேநீர் தந்து உபசரித்துவிட்டு, “ஊரிலை எந்தப் பக்கம்? கோயிலடியோ, சந்தியடியோ? ஆற்றை பிள்ளை?” என்று கேட்டார். இந்தக் கேள்வியின் பொருள் எங்களுக்கு விளங்கும். அது முகவரி கேட்கும் கேள்வி அல்ல. யுத்தம் எங்களை ஒரே தறப்பாளின் கீழ் படுக்கவைத்தது. ஆனால் கொழும்பில் ஓர் அறை வாடகைக்குக் கேட்கும்போதுகூட அந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கிறது.

இன்னோர் இடத்தில் வன்னி என்றதும் முகம் மாறியது. “பிறகு பொலிஸ் வந்து எங்களையெல்லோ விசாரிக்கும்” என்றார்கள். இன்னோர் இடத்தில் இரவு எட்டு மணிக்குக் கேற் பூட்டப்படும் என்றார்கள். கள வேலை முடிந்து நான் கொழும்புக்கு பஸ்ஸில் வந்து சேர்வதே சில நாட்களில் பத்து மணியாகிவிடும்.

இவற்றையெல்லாம் கேட்ட ஒரு தோழி நல்ல மனத்துடன் ஓர் ஆலோசனை சொன்னாள். “என்ரை அத்தானின்ரை பேரிலை எடுப்பம். அவர் வந்து ஒரு கையெழுத்து வைச்சிட்டுப் போகட்டும். வாடகையை நீ கட்டு. பேரிலை என்ன இருக்கு?”

நான் மறுத்துவிட்டேன். அதற்குக் காரணம் என்னுடைய வேலையில் நான் பார்த்தவை. கணவர் காணாமற்போன ஒரு தாய், இரண்டு பிள்ளைகளுடன் நகர்ப்புறம் ஒன்றில் வாடகை வீட்டில் இருந்தார். வீடு கணவரின் சகோதரருடைய பெயரில் எடுக்கப்பட்டிருந்தது. மூன்று வருடமாக மாதாமாதம் வாடகை கட்டியது இந்தத் தாய்தான். தையல் மெஷினில் இரவிரவாக இருந்து உழைத்த காசு. ஒரு நாள் குடும்பத்துக்குள் பிரச்சினை வந்தது. சகோதரர் வீட்டுக்காரரிடம் போய் வீட்டை விடுவதாகச் சொல்லி, முற்பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தத் தாயிடம் ஒரு பற்றுச்சீட்டுக்கூட இல்லை. மூன்று வருடம் அவர் அந்த வீட்டில் இருந்ததற்கு ஒரு துண்டுக் கடதாசியும் சாட்சி சொல்லவில்லை. பேரிலை என்ன இருக்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

முதிரைப் பலகை

பன்னிரண்டாவதாகப் பார்த்த வீடுதான் கிடைத்தது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் பழைய இரண்டு மாடி வீடு. மேல்மாடிக்கு வெளியிலிருந்து தனிப் படி. ஓர் அறை, ஒரு சின்ன விறாந்தை, குசினி, குளியலறை. வீட்டுச் சொந்தக்காரர் எழுபது வயதைக் கடந்த சிங்களப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் சிங்களம், கொஞ்சம் ஆங்கிலம் கலந்து என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். எங்கே வேலை? சம்பளம் எத்தனையாம் திகதி? வீட்டுக்குள் சப்பாத்துப் போட்டு நடப்பாயா?

மூன்றாவது கேள்விக்குக் காரணம் அந்தத் தரை. அரை அடி அகலப் பலகைகள், ஒன்றோடொன்று காடி வெட்டிப் பொருத்தப்பட்டு, காலப்போக்கில் தேன் நிறமாகக் கறுத்திருந்தன. பெரும்பகுதி முதிரை என்றும், பழுதுபட்ட இடத்தில் பிறகு தேக்குப் போட்டதாகவும் சொன்னார். சிங்களத்தில் முதிரையை புருத்த என்பார்கள். வன்னியிலும் திருகோணமலைப் பக்கத்திலும் உலர்ந்த காடுகளில் வளரும் மரம். பட்டுத்துணி போன்ற மினுமினுப்பு அதற்கு உண்டு. பிரித்தானியர் காலத்தில் கருங்காலியும் முதிரையும் இங்கிருந்து கப்பலேறிப் போயின. இன்னும் கொஞ்சம் கொழும்புப் பெரிய வீடுகளின் தரையாகவும் கதவாகவும் அலுமாரியாகவும் ஆனது.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வைர மரத்தைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. வீட்டுக் கூரைக்குப் பனந் தீராந்தி, கதவு நிலைக்கு முதிரை, வேலிக் கதியாலுக்கு வேறு மரம் என்று எங்களுக்குத் தெரியும். இன்னொரு விதமாகவும் தெரியும். 1990இல் யாழ்தேவி நின்ற பிறகு வடக்கின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. பாரமான கட்டையைத் தலைக்கு மேலே பார்த்துப் பழகிய எங்களுக்கு, அதே வைர மரம் காலுக்குக் கீழே பளபளவென்று கிடப்பதைப் பார்க்கப் புதினமாகத்தான் இருந்தது.

அழகாக இருக்கிறது என்று உடனே தலையாட்டவில்லை. மரத்தரையுள்ள வீட்டைப் பார்க்கும்போது கவனிக்கவேண்டியவற்றை எங்கள் ஊர் ஓடாவியார் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் அறை முழுவதும் நடக்கவேண்டும். எங்காவது பலகை அமிழ்ந்தால் அடியில் தாங்கும் மரம் பழுதாகியிருக்கலாம். சுவரோரம் மண்கோடு ஓடினால் கறையான். பலகைக்கு மேல் மாப்போல நுண்ணிய தூள் கொட்டியிருந்தால் மரம் உளுக்கத் தொடங்கிவிட்டது. குளியலறைக் கதவடியிலும் யன்னலடியிலும் பலகை வளைந்திருந்தால் தண்ணீர் போகிறது. கடற்கரையோர வீடென்றால் ஈரக்காற்றில் பலகை ஊதும், வெயில் காலத்தில் சுருங்கி இடைவெளி விடும். அதற்குப் பயப்படத் தேவையில்லை.

அந்த வீட்டில் யன்னலடியில் ஒரு பலகை மட்டும் வெடித்திருந்தது. மற்றப்படி தரை நல்ல தரை.

கடதாசியும் கையெழுத்தும்

வாடகை மாதம் 30,000 ரூபா. ஆறு மாத வாடகை முன்கூட்டியே கட்டவேண்டும். அதோடு வீட்டுக்கு ஏதும் சேதம் வந்தால் கழிப்பதற்கென்று 90,000 ரூபா வைப்புப் பணம். மொத்தம் 270,000 ரூபா. பிடித்த சீட்டை எடுத்து, அம்மாவின் இரண்டு காப்பையும் அடகு வைத்துத்தான் அந்தப் பணத்தைச் சேர்த்தேன்.

இவ்வளவு பணம் கொடுக்கும்போது வெறும் வாய்ச்சொல்லை நம்பியிருக்க முடியாது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். முத்திரையில் கையெழுத்து வைத்த ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு ஒரு வருட ஒப்பந்தம் இருக்கிறது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிரச்சினை வரும்போதுதான் அதன் பெறுமதி தெரியவருகிறது.

எங்கள் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு பந்தியையும் தமிழில் விளங்கப்படுத்தும்படி நொத்தாரிசைக் கேட்டேன். அவர் கொஞ்சம் அவசரப்பட்டார். இருந்தாலும் சொன்னார். எத்தனை மாத முன்னறிவித்தல், வாடகை எப்போது எவ்வளவு கூடும், திருத்த வேலை யாருடைய பொறுப்பு, வைப்புப் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பவற்றை அங்கேயே எழுதுவித்தேன்.

அதோடு இன்னொரு தாளும் சேர்த்தேன். தரையில் ஏற்கெனவே இருந்த கீறல்களின் பட்டியல். அறையில் ஒன்பது, விறாந்தையில் ஐந்து, ஸ்திரிக்கைப்பெட்டி சுட்ட அடையாளம் ஒன்று, வெடித்த பலகை ஒன்று. தொலைபேசியில் படமும் எடுத்தேன். வீட்டுக்கார அன்ரிக்கு அது கொஞ்சம் மனவருத்தம்.

“ஏன் துவ, என்னை நம்பவில்லையா?” என்று கேட்டார். துவ என்றால் சிங்களத்தில் மகள்.

“உங்களை நம்புகிறேன் அன்ரி. ஆனால் நாலு வருடம் கழித்து எந்தக் கீறல் யாருடையது என்று உங்களுக்கும் ஞாபகமிராது, எனக்கும் ஞாபகமிராது” என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுப்பவர் என்ற இடத்தில் என்னுடைய முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருந்தன. யாருடைய மகள், யாருடைய மனைவி என்று எழுத அதில் இடமே இருக்கவில்லை. வெளிப் படிக் கதவின் திறப்பைக் கையில் தந்தபோது, அம்மா அன்று கைநடுங்கக் கையெழுத்து வைத்ததன் அர்த்தம் எனக்கு விளங்கியது.

சத்தம் போடும் தரை

மரத்தரைக்கு என்று சில ஒழுங்குகள் உண்டு. வாளியில் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கவேண்டும். தண்ணீர் சிந்தினால் உடனே ஒற்றி எடுக்கவேண்டும். கட்டிலையும் மேசையையும் இழுக்கக்கூடாது, தூக்கித்தான் வைக்கவேண்டும். கதிரைக் கால்களுக்குத் துணி கட்டவேண்டும். திருவலைக்குக் கீழே சாக்கு மடித்துப் போட்டுத்தான் தேங்காய் துருவுவேன். மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசி, பொச்சுமட்டையால் தேய்ப்பேன். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது சத்தம்.

மரத்தரை எல்லாவற்றையும் கீழே சொல்லிக்கொடுக்கும். நான் எழும்பினால் கேட்கும். குசினிக்குப் போனால் கேட்கும். யாராவது வந்தால் எத்தனை பேர் என்று எண்ணலாம். மூன்றாவது கிழமையே அன்ரி கேட்டார்: “நேற்று இரவு இரண்டு மணிக்கு நடந்தாயே, ஏன்?”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. 2009இற்குப் பிறகு எனக்கு இரவில் தொடர்ந்து நித்திரை வருவதில்லை. ஒன்றரை, இரண்டு மணிக்கு விழிப்பு வரும். எழும்பி நடந்தால்தான் மனம் அடங்கும். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் இது இருக்கும். முகாமில் இருந்தபோது எங்கள் இருமலும் அழுகையும் பக்கத்துக் கூடாரத்துக்குக் கேட்டது. அதற்குப் பிறகு எனக்கென்று நான் தேடி எடுத்த வீட்டிலும் என் காலடியைக் கீழே ஒருவர் எண்ணுகிறார் என்றால் எப்படி இருக்கும்? தனியாக இருக்கும் பெண் இரவில் ஏன் நடக்கிறாள் என்ற கேள்விக்குப் பின்னால் என்னென்ன இருக்கலாம் என்றும் எனக்குத் தெரியும்.

இரண்டு வேலை செய்தேன். முதலாவது, ஊருக்குப் போய் வரும்போது இரண்டு பன்பாய் வாங்கி வந்து, கட்டிலிலிருந்து குசினிவரை விரித்தேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. இரண்டாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே போய் இருந்து, நான் ஏன் இரவில் நடக்கிறேன் என்பதை அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. சொல்லக்கூடியதைச் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், கணவர் இறந்த பிறகு தனக்கும் நித்திரை இல்லை என்றார். மேலே காலடி கேட்டால் வீட்டில் இன்னோர் ஆள் இருக்கிறது என்று மனம் ஆறுமாம். அதனால்தான் கேட்டேன், வேவு பார்க்கவில்லை என்றார். அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் என் நடையைப் பற்றிக் கேட்கவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டபோது, அந்தத் தரைதான் எங்கள் இருவருக்கும் தொலைபேசி. காலையில் நான் குதிக்காலால் இரண்டு தட்டுத் தட்டுவேன். அவர் கீழேயிருந்து தும்புத்தடியால் ஒரு தட்டுத் தட்டுவார்.

“இது லொட்ஜ் இல்லை”

எல்லாம் இப்படிச் சுமுகமாகவே போகவில்லை. 2019இல் முல்லைத்தீவிலிருந்து எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பரிசோதனைக்காக வந்தார். கொழும்பில் அவருக்கு வேறு யாரும் இல்லை. ஐந்து நாட்கள் என்னுடன் தங்கினார். இரவில் அடிக்கடி எழும்புவார், இருமுவார். மரத்தரை அதையும் கீழே சொன்னது.

மூன்றாம் நாள், கீழே வந்திருந்த அன்ரியின் தம்பி படியேறி வந்தார். “இது வீடு. லொட்ஜ் இல்லை. கண்டவர்களையும் கொண்டுவந்து வைக்க முடியாது” என்றார். அக்கா உடனே தன் பையை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

லொட்ஜ் என்ற சொல் அவருக்கு ஒரு சாதாரண சொல். எங்களுக்கு அப்படி அல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியா போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த நாளே நீதிமன்றம் அந்த நடவடிக்கையை நிறுத்தும்படி இடைக்காலத் தடை விதித்தது. எங்கள் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் உண்டென்று சொல்கிறது. 12ஆம் உறுப்புரை, இனம், மொழி, சாதி, பால் காரணமாகப் பாகுபாடு காட்டக்கூடாதென்று சொல்கிறது.

ஆனால் ஒன்றை நாங்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ளவேண்டும். இந்த அடிப்படை உரிமைகளை வைத்து அரசாங்கத்தின் நடவடிக்கைக்கு எதிராகத்தான் உயர் நீதிமன்றம் போகலாம். நீ தனிப்பெண், நீ வன்னி, நீ இந்தச் சாதி என்று சொல்லித் தன் வீட்டைத் தர மறுக்கும் தனியாளை இதைக் காட்டிக் கேட்க முடியாது. வீட்டுக்காரர் முன்னால் எங்களுக்குத் துணையாக நிற்பது எங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தம்தான்.

அன்று நான் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். நிரந்தரமாக வேறொருவரைக் குடியமர்த்தக்கூடாது, வேறொருவருக்கு வாடகைக்குக் கொடுக்கக்கூடாது என்று அதில் இருந்தது. விருந்தாளி தங்கக்கூடாது என்று எங்கும் இல்லை. அக்கா வந்த அன்றே அவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், போகும் திகதி எல்லாவற்றையும் எழுதி அன்ரியிடம் கொடுத்தும் இருந்தேன். சத்தம் போடாமல் அந்த இரண்டு கடதாசியையும் மேசையில் வைத்தேன். அன்ரி கண்ணாடியைப் போட்டு வாசித்தார். தம்பியைப் பார்த்துச் சிங்களத்தில், “வீடு என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது” என்றார். அன்று மாலை சுடச்சுடக் கொத்தமல்லித் தண்ணீர் ஒரு போத்தலில் மேலே வந்தது.

அக்காவுக்குக் கட்டிலில் படுக்க விருப்பமில்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் பலகையில்தான் படுத்தார். ஒருநாள் இரவு பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, “இது முதிரையடி பிள்ளை. எங்கடை வளவிலை ரெண்டு நிண்டது” என்றார். அவர் இன்னும் திரும்பிப் போக முடியாத வளவு அது. அந்த மரங்கள் இப்போது நிற்கின்றனவா என்று நான் கேட்கவில்லை.

வீட்டை விட்டபோது

2022இன் இறுதியில் மீண்டும் வடக்குக்கு மாற்றம் கிடைத்தது. ஒப்பந்தப்படி இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தேன். வீட்டைக் கையளிக்கும் நாளில் அன்ரியின் தம்பியும் நின்றார். தரையில் இருக்கும் கீறல்களுக்கு 40,000 ரூபா கழிக்கவேண்டும் என்றார். நான் பழைய பட்டியலையும் படங்களையும் எடுத்தேன். மூவரும் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பதினான்கு கீறல், ஒரு சூடு, ஒரு வெடிப்பு. எல்லாம் பட்டியலில் இருந்தவை. கடைசி மாதக் கரண்ட் பில்லையும் தண்ணீர் பில்லையும் கழித்து மிகுதி முழுவதும் கைக்கு வந்தது.

ஒரு விடயத்தை மட்டும் எந்தக் கடதாசியாலும் காப்பாற்ற முடியவில்லை. பணத்தின் பெறுமதி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். 2018இல் கொடுத்த அதே தொகை 2022இல் கைக்கு வந்தபோது அதன் பெறுமதி ஏறத்தாழ அரைவாசியாகியிருந்தது. ஆகவே வைப்புப் பணத்தை எவ்வளவு குறைவாகப் பேச முடியுமோ அவ்வளவு குறைவாகப் பேசுங்கள். கூடுதலாகக் கேட்டால், அதில் ஒரு பகுதியைக் கடைசி மாதங்களின் வாடகையில் கழிக்கலாம் என்று எழுதுவியுங்கள்.

வாடகை வீடு தேடும் சகோதரிகளுக்கு

இன்று எங்கள் பெண்கள் பலர் வேலைக்காக, பிள்ளைகளின் படிப்புக்காக, வைத்தியத்துக்காக நகரங்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். கொழும்பில் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் இதே கேள்விகள்தான். தரை மரமாகவும் இருக்கலாம், மாபிளாகவும் இருக்கலாம், வெறும் சீமெந்தாகவும் இருக்கலாம். ஒழுங்கு ஒன்றுதான்.

ஒப்பந்தத்தை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் நொத்தாரிசு மூலம் எழுதுங்கள். விளங்காத மொழியில் கையெழுத்து வைக்காதீர்கள். வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள், அது வெட்கமில்லை. பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வாடகையைக் கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், முடிந்தால் வங்கியில் போடுங்கள். போகும் நாளிலேயே வீட்டின் பழுதுகளைப் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்து வையுங்கள். விருந்தாளி, கேற் பூட்டும் நேரம், சமையல் போன்றவற்றை முன்கூட்டியே கதைத்து எழுதுங்கள்.

இன்னொன்றையும் கவனத்தில் வைத்திருங்கள். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்த பிறகு உரிமையாளர் தன் இடத்தை நீதிமன்றம் மூலம் விரைவாக மீளப்பெற வழி செய்திருக்கிறது. ஆகவே ஒப்பந்தம் முடியும் திகதியைக் கலண்டரில் குறித்து வைத்து, அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே புதுப்பிப்பதா, வேறு வீடு பார்ப்பதா என்று கதையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்கு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதன் அலுவலகத்தில் போய்க் கேட்கலாம்.

எங்கள் மாதர் சங்கங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. நகரத்துக்குப் போகும் அங்கத்தவருக்கு, இவர் எங்கள் சங்கத்தைச் சேர்ந்தவர், வேலை செய்பவர், நம்பிக்கையானவர் என்று ஒரு கடிதம் கொடுத்தனுப்பலாம். “அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா” என்று கேட்கும் வீட்டில், அம்மாவும் அப்பாவும் இல்லாத ஒரு பிள்ளைக்கு அந்தக் கடிதம் துணையாகப் போகும். நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் மூன்று சங்கங்கள் இதைத் தொடங்கியிருக்கின்றன. போன மாதம் அப்படி ஒரு கடிதத்துடன் வவுனியாவுக்குப் போன இரண்டு பிள்ளைகளைப் பெற்ற தாய் ஒருவர், வீடு கிடைத்துவிட்டதென்று தொலைபேசியில் சொன்னார். எப்படி வீடு என்று கேட்டேன். “சின்ன வீடுதான் தங்கச்சி. தரையிலை ரெண்டு வெடிப்பு இருக்குது. எழுதி வைச்சிட்டன்” என்றார்.